"எதுல இத்தனை பர்சன்ட்?" – பில் கட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஒரே கேள்வி



பணத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நம்மள்ல நிறைய பேர் நேரா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், எந்த வரி முறை லாபம்னு போயிடுவோம். அதெல்லாம் முக்கியம்தான். ஆனா சம்பளம் கிரெடிட் ஆன மறுநாள்லேருந்து பணம் எங்கெல்லாம் போகுதுன்னு பாருங்க. மளிகை, துணி, ஆப்ல ஆர்டர் பண்ற சாப்பாடு, போன் இஎம்ஐ, வீட்ல ஒரு விசேஷம்னா நகை. இந்த அஞ்சு இடத்துலயும் உங்க முன்னாடி வந்து நிக்கிறது ரெண்டே விஷயம்: சதவீதம், தசமம்.

இது ஸ்கூல்ல படிச்ச கணக்குதான். யாருக்கும் தெரியாததில்ல. பிரச்சினை கணக்குல இல்ல, கேள்வியில. "50% தள்ளுபடி"ன்னு பெருசா எழுதுறவங்க, எதுல 50%னு சின்னதா எழுதுவாங்க, சில நேரம் எழுதவே மாட்டாங்க. சதவீதம்ங்கிறது தனியா நிக்கிற எண் இல்ல. அது எப்பவும் ஏதோ ஒண்ணோட பங்கு. அந்த "ஏதோ ஒண்ணு" எதுன்னு தெரிஞ்சா மட்டும்தான் உங்க பாக்கெட்டுக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியும்.

அதனால இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போறோம்: எதுல?

முதல்ல ஒரு கருவி

சதவீதத்தைத் தனியா கண்டுபிடிச்சு, அப்புறம் கூட்டி, கழிச்சுன்னு ரெண்டு வேலை வேண்டாம். சதவீதத்தை நேரா தசம எண்ணா மாத்தி ஒரே பெருக்கல்ல முடிச்சிடலாம்.

18% கூடுதுன்னா 1.18 ஆல் பெருக்குங்க.
5% கூடுதுன்னா 1.05.
20% குறையுதுன்னா 0.80.
35% குறையுதுன்னா 0.65.

1,450 ரூபாய் பேன்ட், 35% தள்ளுபடி. 1,450 × 0.65 = 942.50. முடிஞ்சது.

போனை எடுக்க முடியாத இடத்துல மனக்கணக்குக்கு ஒரு வழி: 10% வேணும்னா புள்ளியை ஒரு இடம் இடப்பக்கம் தள்ளுங்க. 1,450-ல 145. அதுல பாதி 5%. அதை ரெட்டிச்சா 20%. 18% வேணும்னா 20%-லேருந்து 2% கழிங்க. கடையில நிக்கும்போது இந்த அளவு போதும்.

50% + 20% = 70% இல்ல

ஆடித் தள்ளுபடியில "ஃபிளாட் 50% + கூடுதல் 20%"னு போர்டு பார்த்திருப்பீங்க. மனசு உடனே 70%னு கூட்டிடும். இப்போ கேளுங்க: அந்த 20% எதுல? முதல் விலையில இல்ல, பாதியா குறைஞ்ச விலையில.

2,999 ரூபாய் சட்டை: 2,999 × 0.50 × 0.80 = 1,199.60. அதாவது மொத்தத் தள்ளுபடி 60%. 70%னு நெனச்சு உள்ள போனவர் 900 ரூபாயை எதிர்பார்ப்பார், கட்டுறது 1,200. வித்தியாசம் 300 ரூபாய்.

மத்த ஆஃபர்களையும் இதே மாதிரி ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வரலாம்:

ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்: 50%.
ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்: மூணுக்கு ரெண்டு பேரோட காசு. 33.33%.
ரெண்டாவது பாதி விலை: வெறும் 25%.
20% எக்ஸ்ட்ரா: 16.67% மட்டும். 500 கிராம் காசுல 600 கிராம் கிடைக்குது, 500 ÷ 600 = 0.8333.

இதுல எல்லாத்துக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. அந்த ரெண்டாவது, மூணாவது பொருள் உங்களுக்குத் தேவைப்பட்டாதான் இது தள்ளுபடி. தேவை இல்லன்னா அது செலவு.

இதோட எதிர்ப்பக்கமும் உண்டு. பத்து ரூபா பாக்கெட் பத்து ரூபாயாவே இருக்கும், உள்ள 100 கிராம் 85 கிராமா ஆகியிருக்கும். "15%தானே குறைச்சாங்க"ன்னு தோணும். ஆனா ஒரு கிராமுக்கு நீங்க குடுக்குற விலை 100 ÷ 85 = 1.1765, அதாவது 17.65% ஏறியிருக்கு. அளவு 15% குறைஞ்சா விலை 15% ஏறினதா அர்த்தம் இல்ல, அதைவிட அதிகம்.

கேஷ்பேக்லயும் "எதுல"ன்னு கேளுங்க. "10% கேஷ்பேக், அதிகபட்சம் 150 ரூபாய்"ன்னா 150 ÷ 0.10 = 1,500. உங்க பில் 1,500-ஐத் தாண்டின நிமிஷத்துலேருந்து அது 10% இல்ல. 4,000 ரூபாய்க்கு வாங்கினா 3.75%தான்.

தராசுல இருக்குற புள்ளி

எலக்ட்ரானிக் தராசு 1.05னு காட்டினா ஒரு கிலோ 50 கிராம். 1.5னா ஒரு கிலோ 500 கிராம். அவசரத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். தராசு எண்ணை அப்படியே கிலோ விலையால பெருக்குங்க: 0.640 கிலோ வெங்காயம், கிலோ 70 ரூபாய், 44.80. "கால் கிலோ 30"ன்னு எழுதின அட்டைக்கு நாலால பெருக்கி, கிலோ 120னு மனசுல வெச்சுக்கிட்டு அடுத்த கடையைப் பாருங்க.

பாக்கெட் பொருள்ல எம்ஆர்பி பக்கத்துல பொடி எழுத்துல யூனிட் சேல் பிரைஸ்னு ஒண்ணு இருக்கும். ஒரு கிலோவுக்குக் கீழ உள்ள பாக்கெட்ல ஒரு கிராமுக்கு எவ்வளவுன்னும், ஒரு கிலோவுக்கு மேல இருந்தா ஒரு கிலோவுக்கு எவ்வளவுன்னும் போட்டிருப்பாங்க. ஒப்பிடணும்னா கிராம் விலையை 1,000 ஆல் பெருக்கணும்.

இங்க ஒரு நுணுக்கம். 850 கிராம் சலவைப் பவுடர் 185 ரூபாய். 185 ÷ 850 = 0.2176. அட்டையில 0.22னு முழுசாக்கிப் போடுவாங்க. அதை வெச்சுக் கணக்குப் போட்டா கிலோ 220. பக்கத்துல 1.5 கிலோ பாக்கெட் 328 ரூபாய், கிலோ 218.67. பெருசுதான் மலிவுன்னு எடுத்துடுவோம். உண்மையில சின்ன பாக்கெட் கிலோ 217.65தான். இங்க ஒரு ரூபாய் வித்தியாசம்தான், ஆனா 0.22ங்கிற எண்ணுக்குப் பின்னாடி கிலோ 215-லேருந்து 225 வரைக்கும் எது வேணா இருக்கலாம். சந்தேகம் வந்தா விலையை எடையால நீங்களே வகுத்துடுங்க. பெரிய பாக்கெட் எப்பவும் மலிவுங்கிறது விதி இல்ல.

ஜிஎஸ்டி: உள்ள இருக்கா, வெளிய இருக்கா?

எம்ஆர்பிங்கிறது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. 1,180 ரூபாய் எம்ஆர்பி, வரி 18%. இதுல வரி எவ்வளவு? 1,180-ல 18%னு போட்டு 212.40னு சொல்வாங்க. தப்பு. 18% வரி கலந்த விலைக்கு இல்ல, வரிக்கு முந்தின விலைக்கு. 1,180 ÷ 1.18 = 1,000. வரி 180. வெளிய எடுக்கணும்னா வகுக்கணும், கழிக்கக் கூடாது.

2025 செப்டம்பர் 22-லேருந்து சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18%-லேருந்து 5% ஆச்சு. அப்போ விலை 13% குறையணும்னு எதிர்பார்த்தவங்க அதிகம். அடிப்படை விலை 100னா, முன்னாடி 118, இப்போ 105. 13 ÷ 118 = 11.02%. அதே மாதிரி ஏசிக்கு 28%-லேருந்து 18% ஆனப்போ குறைஞ்சது 10% இல்ல, 7.8%. 38,400 ரூபாய் ஏசியை 1.28 ஆல் வகுத்தா 30,000. 1.18 ஆல் பெருக்கினா 35,400. குறைய வேண்டியது 3,000. வரியைத் தவிர வேற எதுவும் மாறலன்னா இதுதான் நியாயமான எண். இதைவிடக் கம்மியா குறைச்சா கேள்வி கேளுங்க. இதைவிட அதிகமா எதிர்பார்த்து கடைக்காரர்கிட்ட சண்டை போடவும் வேண்டாம்.

துணி வாங்குறவங்களுக்கு ஒரு தகவல். அதே தேதியிலேருந்து ஒரு உருப்படி விலை 2,500 வரைக்கும் 5%, அதுக்கு மேல போனா 18%. கூடுதல் தொகைக்கு மட்டும் 18% இல்ல, மொத்தத்துக்கும். வரிக்கு முன்னாடி 2,500 ரூபாய்னா பில் 2,625. 2,501 ரூபாய்னா 2,951.18. ஒரு ரூபாய் ஏறினா பில் 326 ரூபாய் ஏறுது! இந்த எல்லைக்குப் பக்கத்துல இருக்குற துணியில பில்லை ஒரு தடவை பார்த்துடுங்க.

தள்ளுபடி குடுத்துட்டு, அந்த விலை மேல தனியா வரி போடுற கடைகளும் இருக்கு. எம்ஆர்பி மேல தள்ளுபடின்னு விளம்பரம் பண்ணிட்டு வரியைத் தனியா வசூலிக்கிறது சரியில்லன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் வாட் காலத்துல, 2017 ஜனவரியிலேயே சொல்லியாச்சு. அதனால தயங்காம கேளுங்க.

ஆப் சாப்பாடு: 50% கூப்பன் போட்டும் ஏன் அதிகம்?

ஒரு மாதிரி பில். பிரியாணி 240, பேக்கிங் 20. இதுக்கு 5% வரி: 260 × 1.05 = 273. டெலிவரி 40, பிளாட்ஃபார்ம் கட்டணம் 15. இதுக்கு 18%: 55 × 1.18 = 64.90. மொத்தம் 337.90. மெனு விலையைவிட 40.8% அதிகம்.

சரி, "50% தள்ளுபடி, 60 ரூபாய் வரை"ன்னு கூப்பன் இருக்கு. 60ங்கிறது 240-ல 25%தான். போட்ட பிறகு: (260 − 60) × 1.05 = 210, கூட 64.90, மொத்தம் 274.90. அதாவது 50% கூப்பன் போட்டும் மெனு விலையைவிட 14.5% அதிகமா கட்டுறீங்க. வசதிக்குக் காசு குடுக்குறது தப்பே இல்ல. தள்ளுபடியில வாங்கினோம்னு நெனச்சுக்கிட்டு குடுக்குறதுதான் சிக்கல். ஆப்ல இருக்குற மெனு விலையும் ஹோட்டல்ல இருக்குற விலையும் ஒண்ணான்னும் பார்த்துக்கோங்க.

நகைக் கடை: பெரிய பணம் இங்கதான்

தங்கச்சி கல்யாணம், அம்மாவுக்கு ஒரு செயின்னு முதல் தடவையா லட்சத்துக்குப் பக்கத்துல பில் போடுற இடம் இதுவாதான் இருக்கும். அதனால இங்க நிதானமா பார்ப்போம்.

கணக்கு எளிமையா இருக்க, 22 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். ஒரு பவுன் 8 கிராம், 80,000 ரூபாய். இது மேல சேதாரம் ஒரு சதவீதம். சில கடையில செய்கூலியும் தனியா உண்டு. தயாரா இருக்குற நகைக்கு, இந்த மொத்தத்து மேல 3% ஜிஎஸ்டி. அதாவது சேதாரத்துக்கும் சேர்த்துதான் வரி.

இப்போ ரெண்டு கடை.

கடை 1: "சேதாரத்தில் 25% தள்ளுபடி!" சேதாரம் 18%.
கடை 2: தள்ளுபடியே கிடையாது. சேதாரம் 12%.

எதுல 25%? நகை விலையில இல்ல, சேதாரத்துல. 18 × 0.75 = 13.5%. அப்போ கடை 1-ல பில்: 80,000 × 1.135 × 1.03 = 93,524. கடை 2-ல: 80,000 × 1.12 × 1.03 = 92,288. விளம்பரமே பண்ணாத கடை 1,236 ரூபாய் மலிவு. இது ஒரு பவுனுக்கு. அஞ்சு பவுன்னா 6,180 ரூபாய். ஒரு மாச எஸ்ஐபி!

அதனால கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டியது "எவ்வளவு தள்ளுபடி?" இல்ல. "தள்ளுபடி எல்லாம் போக சேதாரம் எத்தனை பர்சன்ட், செய்கூலி தனியா உண்டா?" இந்த ஒரு எண்ணை நாலு கடையில வாங்கிட்டு வந்து ஒப்பிடுங்க.

அடுத்தது கல். கல் பதிச்ச நகையில மொத்த எடை 8.450 கிராம், கல் எடை 0.620 கிராம்னா தங்கத்தோட எடை 7.830 கிராம்தான். கல்லைக் கழிக்காம தங்க விலை போட்டா என்ன ஆகும்? 0.620 × 10,000 = 6,200. இது மேல 12% சேதாரம், 3% வரி சேர்த்தா 7,152 ரூபாய். புள்ளிக்குப் பின்னாடி இருக்குற மூணு எண்ணோட விலை இது. பில்லுல மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூணும் தனித்தனியா இருக்கணும்னு கேட்டு வாங்குங்க. கல்லுக்குத் தனி விலை போட்டா போடட்டும், தங்க விலை போடக் கூடாது.

ஹால்மார்க்ல இருக்குற 916ங்கிறதும் தசமம்தான். 22 ÷ 24 = 0.9167. 750ன்னா 18 ÷ 24 = 0.75. 18 காரட் நகைக்கு 22 காரட் விலை போட்டிருக்காங்களான்னு ஒரு நிமிஷம் பாருங்க.

"நோ காஸ்ட்" இஎம்ஐ

60,000 ரூபாய் போன். ஆறு மாசம், மாசம் 10,000. வட்டியே இல்லன்னு தெரியுது. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே, பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. அப்போ வட்டி எங்க ஒளிஞ்சிருக்கு?

பெரும்பாலும் நடக்குறது இதுதான்: வங்கி வருஷத்துக்கு 15% வட்டி போடுது. அந்த வட்டி அளவுக்கு, சுமார் 2,540 ரூபாய், விலையில முன்கூட்டியே தள்ளுபடியா கழிச்சிடுறாங்க. 57,460 கடனா போய், வட்டியோட 60,000 ஆகுது. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உண்டு: 457 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199னா வரியோட 235. ஆக, "நோ காஸ்ட்"டோட காஸ்ட் 692 ரூபாய்.

இதோட நின்னா பரவாயில்ல. முழுப் பணம் குடுத்தா 5% தள்ளுபடி, அதாவது 57,000-க்குக் கிடைக்கும்னு வெச்சுக்கோங்க. இஎம்ஐ-ல போனா 60,692. கூடுதல் 3,692. 57,000-ல இது சுமார் 6.5%. ஆறு மாசத்துக்கு 6.5%, வருஷத்துக்கு 13%னு தோணுதா? நம்ம கேள்வியைக் கேளுங்க: எதுல?

ஆறு மாசமும் 57,000 உங்க கையில இல்ல. மாசாமாசம் திருப்பிக் கட்டிட்டே வர்றீங்க. சராசரியா உங்ககிட்ட இருந்த கடன் சுமார் 33,250 தான். அதுல 3,692ங்கிறது ஆறு மாசத்துக்கு 11.1%. வருஷத்துக்கு ஏறக்குறைய 22%. எமர்ஜென்சி ஃபண்டுக்கு 7% வட்டி தேடி பேங்க் பேங்கா அலையுற நாம, இங்க 22% கட்டிட்டு "நோ காஸ்ட்"னு சொல்லிட்டு வர்றோம்.

தள்ளுபடி ரெண்டு வழிக்கும் சமமா கிடைக்குது, கட்டணமும் கம்மின்னா இஎம்ஐ எடுக்கலாம். முடிவுக்கு முன்னாடி கேட்க வேண்டியது ஒண்ணுதான்: "முழுசா இப்போவே கட்டினா கடைசி விலை என்ன?"

நீங்களே போட்டுப் பாருங்க

1. 1,600 ரூபாய் ஷூ, 40% தள்ளுபடி, கார்டுக்குக் கூடுதல் 10%. என்ன விலை, மொத்தம் எத்தனை பர்சன்ட்?
2. 5 கிலோ அரிசி 390. 26 கிலோ மூட்டை 1,820. எது மலிவு, எவ்வளவு?
3. ஹோட்டல்ல 1,000 ரூபாய் சாப்பாடு, 10% சர்வீஸ் சார்ஜ், 5% ஜிஎஸ்டி. பில் என்ன?

விடைகள்:

1. 1,600 × 0.60 × 0.90 = 864. மொத்தத் தள்ளுபடி 46%, 50% இல்ல.

2. கிலோ 78-க்கு எதிரா 70. மூட்டை 10.26% மலிவு. 26 கிலோன்னு ஏன் வித்தியாசமா ஒரு எண் தெரியுமா? 2022 ஜூலையிலேருந்து லேபிள் ஒட்டின 25 கிலோ வரைக்கும் உள்ள அரிசிப் பைக்கு 5% ஜிஎஸ்டி. அதுக்கு மேல இல்ல. ஆனா ரூம்ல ரெண்டே பேர் இருந்து, பாதி அரிசியில வண்டு வெச்சா கிலோ 70 கணக்கு செல்லாது.

3. 1,000 × 1.10 × 1.05 = 1,155. சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து வரி கட்டுறீங்க. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வழிகாட்டுதல் குடுத்தது. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. எடுக்கச் சொன்னா பில் 1,050.

இந்த மாசம் ஒரு வேலை செய்யுங்க. உங்ககிட்ட இருக்குற கடைசி மூணு பில்லை எடுத்து, அதுல இருக்குற ஒவ்வொரு சதவீதத்துக்குப் பக்கத்துலயும் "எதுல?"ன்னு எழுதிப் பதில் போடுங்க. பத்து நிமிஷ வேலை. நகை, ஏசி, போன் இந்த மூணுல ஏதாவது ஒண்ணு வாங்குற பிளான் இருந்தா, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிடுங்க. ஏதாவது பில் புரியலன்னா, உங்க பேர், நம்பர் எல்லாம் மறைச்சுட்டு கமென்ட்ல எண்களை மட்டும் போடுங்க. அடுத்த வீடியோவுல சேர்ந்தே பிரிச்சுப் பார்க்கலாம்.